வேலை போனால் மருந்தும் போகலாமா?

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே!

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக ஏற்றியது. நம் திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பேச்செல்லாம் எத்தனை கோடி ஆர்டர் நின்றது, எந்தக் கடனுக்கு எத்தனை மாதம் தவணை தள்ளிப்போடலாம் என்பதுதான். அதைப் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓட்டிய தொழிலாளி அரை ஷிப்டுக்கு இறங்கும்போது அவர் உடம்பு என்ன ஆகிறது என்பதையும் அதே மேசையில் வைத்துப் பேசுங்கள் என்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஓர் ஓவர்லாக் டெய்லர். சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். “காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு டாக்டர் எழுதுனாருங்க. நான் காலையில மட்டும் போட்டுக்கறனுங்க. பத்து நாள் அட்டை இருபது நாள் வருதுங்களே” என்றார். வீட்டில் மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு, ரசம். காய் நின்றுவிட்டது, முட்டை நின்றுவிட்டது. சர்க்கரை நோயாளிக்கு எது ஆகாதோ அதுதான் தட்டில் மிஞ்சியிருக்கிறது. குழுக் கடன் வசூலுக்கு வரும் நாளுக்கு முந்தின ராத்திரி தூக்கமே கிடையாது. தூக்கம் கெட்டால் சர்க்கரையும் ஏறும், பிரஷரும் ஏறும். இதற்கு மேல் மாத்திரையும் பாதி. நாளைக்கு அவருக்குப் பக்கவாதம் வந்தால் மருத்துவமனைச் சீட்டில் என்ன எழுதுவார்கள்? உயர் ரத்த அழுத்தம் என்று எழுதுவார்கள். வேலை இழப்பு என்று எந்தச் சீட்டிலும் எழுத மாட்டார்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை சும்மாதானே தருகிறார்கள் என்று கேட்பீர்கள். தருகிறார்கள். ஆனால் அங்கே சீட்டுப் போடும் காலை நேரத்தில்தான் இவர் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் “இன்னைக்கு ஆள் வேணுமுங்களா” என்று கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. வீடு தேடி மாத்திரை வருவதற்கு 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் என்று ஒரு திட்டமும் வந்தது. நல்ல திட்டம். வாடகை கட்ட முடியாமல் அறையைக் காலி செய்து தேனிக்கோ ஒடிசாவுக்கோ போய், நான்கு மாதம் கழித்து வேறு தெருவுக்குத் திரும்பி வருகிறவரை அது எந்த வீட்டில் தேடும்?

இப்படி உடம்பு கெட்டவரைப் பார்த்து, “அவன் குடிச்சே அழியறான், அதுக்கு நாம என்ன பண்றது” என்று சொல்கிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால். அதுவும் நம் ஊர் மாதிரி நூலை நம்பிப் பிழைத்த ஊர். பெரும் பொருளாதார மந்தத்தில் ஆலை மூடியது. மரி யகோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்து 1933-இல் புத்தகம் வெளியிட்டார்கள். தெருவில் நடப்பவர்களைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். வேலையில்லாத ஆண்களின் நடை தளர்ந்திருந்தது, நடுவழியில் நின்று நின்று போனார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள். அவர்களுக்கு வீட்டு வேலை ஓயவில்லை. தாய்மார்களே, இது உங்களுக்குப் புதிதா? ஆக, மனுசன் முதலில் ஒடிகிறான், குடி பிறகு வருகிறது. ஒடித்தது யார் என்று கேட்காமல் குடியை மட்டும் காட்டுவது அநியாயம்.

ஒடிந்தவர்களில் உயிரை விட்டவர்களும் உண்டு. 2021-இல் இந்தியாவில் 1,64,033 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்தது. அதில் 42,004 பேர் தினக்கூலிகள். நான்கில் ஒருவர் நம்மவர்!

மந்தம் வந்தால் சாவும் வரத்தான் செய்யும் என்று இதற்குச் சமாதானம் சொல்லாதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் வேலையின்மை 2 விழுக்காட்டுக்குக் கீழே இருந்து மூன்றே ஆண்டில் 8 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனாலும் அங்கே தற்கொலை விகிதம் ஏறவில்லை, இறங்கிக்கொண்டே போனது. வேலை போனவருக்கு உதவித்தொகை, புதுத் தொழில் பயிற்சி, அடுத்த வேலைக்கு வழி என்று அரசு கூடவே நின்றது. கிரீஸில் வேறு கதை. 2013-இல் வேலையின்மை 27 விழுக்காட்டை எட்டியது. கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைக்குப் பணிந்து அரசு சுகாதாரச் செலவை வெட்டியது. வேலை போய் நாளாக ஆகக் காப்பீடும் போயிற்று. மலேரியா திரும்ப வந்தது, ஏதென்ஸில் ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவியது. காப்பீடு இல்லாதவருக்கும் மருத்துவம் உண்டு என்று சட்டம் கொண்டுவர 2016 வரை ஆனது.

நம் கதை என்ன? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. நொய்யல் ஆற்றில் சாயத்தை விட்டு விவசாயியின் கிணற்றைக் கெடுத்ததும் உடம்பைக் கெடுத்த குற்றம்தான். ஆனால் பட்டறையில் நின்ற தொழிலாளி என்ன குற்றம் செய்தார்? அவர் வயிற்றுக்கும் வைத்தியத்துக்கும் அன்றைக்கு யார் பொறுப்பேற்றார்கள்?

ஈஎஸ்ஐ காப்பீடு இருக்கிறதே என்பார்கள். நம் சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 கட்டுகிறார். வேலை நின்று, கட்டிய சந்தாவுக்கான பயன்காலமும் முடிந்தால் மருத்துவம் நின்றுபோகும். வேலை இழந்தவருக்கு உதவித்தொகை என்று 2018-இல் ஒரு திட்டம் வந்தது. 2020-இல் அதைச் சராசரி தினச் சம்பளத்தில் பாதியாக உயர்த்தினார்கள். எத்தனை நாளைக்கு? அதிகபட்சம் 90 நாள். எத்தனை முறை? வாழ்நாளில் ஒரே ஒரு முறை! பனியன் தொழிலில் வேலை ஒரே ஒரு முறைதான் போகுமா? காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் தைக்கிறவர்கள் பலருக்கு இந்த 90 நாள்கூடக் கிடைப்பதில்லை, அவர்களுக்கு ஈஎஸ்ஐ எண்ணே இல்லை.

ஆகவே நாம் கேட்பது இது. வேலை இழந்த தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் ஓராண்டு வரை ஈஎஸ்ஐ மருத்துவம் நிற்கக் கூடாது. உதவித்தொகைக்கு வாழ்நாளில் ஒரு முறை என்ற நிபந்தனையை எடுக்க வேண்டும். பீஸ் ரேட் தொழிலாளியைப் பதிவு செய்யாமல் எந்தக் கம்பெனியும் ஆர்டர் எடுக்கக் கூடாது. இது தர்மம் அல்ல, நாம் சந்தா கட்டிய பணம். 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. இதையும் வாங்குவோம்.

நாளைக் காலை கம்பெனிக்குப் போனதும் உங்கள் ஈஎஸ்ஐ எண்ணைக் கேளுங்கள். சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். மாத்திரையைப் பாதியாக்காதீர்கள். பக்கத்து அறையில் வேலை போனவர் பேசாமல் ஒதுங்கிக் கிடந்தால் கதவைத் தட்டுங்கள். உதவி எண்ணான 104-க்கோ 14416-க்கோ அவரோடு சேர்ந்து நீங்களே போன் போடுங்கள்.