விழுந்த தொழிலுக்குத் தோள் கொடுப்போம்
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நம் நினைவுக்கு வருவன கொடியேற்றமும், தேர்ப்பவனியும், அன்பின் விருந்துமே. ஆனால் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் காட்டும் யூபிலி இன்னும் ஆழமானது. ஐம்பதாம் ஆண்டில், வறுமையால் விற்ற நிலம் உரியவனிடம் திரும்பவேண்டும். கடனால் அடிமைப்பட்டவன் தன் வீடு திரும்பவேண்டும். விழுந்தவனுக்குப் பிச்சை போடுவதன்று, அவன் பிழைப்பையே அவனுக்குத் திருப்பித் தருவதுதான் யூபிலி. அந்த எண்ணத்தோடு நம் ஊரின் சிறு தொழில்களைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

நம் ஒட்டன்சத்திரம் சந்தையால் வாழும் ஊர். சுற்று வட்டாரத் தோட்டங்களின் முருங்கையும், தக்காளியும், வெங்காயமும் இங்கு வந்திறங்கி, லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகின்றன. மண்டியை நம்பித் தேநீர்க்கடை, சாக்குக்கடை, மளிகைக்கடை, சிறு உணவகம், தையற்கடை, பட்டறை என எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. தக்காளி விலை விழுந்தால் விவசாயி மட்டுமா விழுகிறான்? அவனுக்குக் கடனாகச் சாமான் கொடுத்த கடைக்காரரும் சேர்ந்தே விழுகிறார்.

வியாபாரமே இல்லாமல் மூடப்படும் கடைகள் உண்டு. வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போதே மூழ்கும் கடைகளும் உண்டு. அது எப்படி? ஒரு கணக்குப் பார்ப்போம்.

ஒரு மளிகைக்கடையில் நாளுக்கு 500 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் செலவு 400 ரூபாய். கடை ஓடவேண்டும். ஆனால் அவர் மூன்று இடங்களில் தண்டல் வாங்கியிருக்கிறார். 10,000 ரூபாய் என்று பேர். முன்கூட்டியே பிடித்துக்கொண்டு கையில் தருவது 8,500. தினம் 100 வீதம் நூறு நாள் கட்டவேண்டும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இந்த வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. மூன்று தண்டலுக்கும் தினம் 300 போய்விட்டால், மிச்சம் 200. வீட்டுக்குக் குறைகிற 200 ரூபாயைக் கடை முதலிலிருந்து எடுக்கிறார். மாதம் 6,000 ரூபாய்ச் சரக்கு அலமாரியிலிருந்து மறைகிறது. சரக்குக் குறைந்தால் வாடிக்கை குறைகிறது. பழைய தண்டலை அடைக்கப் புதிய தண்டல். பிறகு ஒருநாள் பூட்டு.

இதே மனிதருக்கு ஒருவர் கைகொடுத்து, மீதமுள்ள 25,000 ரூபாய்க் கடனை ஒன்றாக்கி, நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் இரண்டாண்டுத் தவணையாக மாற்றினால், மாதம் சுமார் 1,180 ரூபாய். நாளொன்றுக்கு நாற்பது ரூபாய்தான்! அதே கடை, அதே வியாபாரம். இப்போது தினம் 60 ரூபாய் மிஞ்சுகிறது. மாறியது கடனின் அமைப்பு மட்டுமே.

இந்த உண்மையைக் கண்டு செயல்பட்டவர்கள் நம் நாட்டில் உண்டு. ராஞ்சிப் பகுதியில் பழங்குடி விவசாயிகள் வட்டிக்காரரிடம் நிலம் இழப்பதைக் கண்ட இயேசு சபைக் குரு ஹாஃப்மன் அடிகளார், 1909இல் சோட்டாநாக்பூர் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். நம் தமிழகத்தில் ஜெயா அருணாசலம் அம்மையார், சென்னைச் சேரிகளின் காய்கறிக்காரிகளும் பூக்காரிகளும் இலவச உதவியைவிட நியாயமான வட்டியில் தொழிலுக்கு முதலையே விரும்புவதை உணர்ந்து, 1978இல் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அண்டை வீட்டுப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றனர். முதலில் வங்கிக் கடன் பெற்றுத் தந்த அவ்வமைப்பு, 1981இல் பெண்களுக்கென்றே கூட்டுறவுக் கடன் சங்கம் அமைத்தது. அதன் பணி நம் திண்டுக்கல் பகுதிக்கும் வந்தது. அம்மையாருக்கு 1987இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2019இல் அவர் காலமானார்.

இவர்களிடம் நாம் கற்கவேண்டியது என்ன? கடன் கொடுப்பவர் வேறு, முதல் போடுபவர் வேறு. கடன் கொடுப்பவர் தவணை நாளில் மட்டும் வருவார். முதல் போடுபவர் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் பங்காளியாகி, கூடவே உட்காருவார். நொடிந்த தொழிலைத் தூக்க நினைப்பவர் முதலில் திறக்கவேண்டியது தம் பணப்பையை அன்று, கடைக்காரரின் கணக்கு நோட்டை.

வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் பிரிக்கவேண்டும். எந்தச் சரக்கில் லாபம், எது மாதக்கணக்கில் தூங்குகிறது என்று பார்க்கவேண்டும். வெளியே நிற்கும் பாக்கியை வசூலிக்கவேண்டும். கொடிய வட்டியை முதலில் அடைக்கவேண்டும். அதன் பிறகே புதுப் பணம். இந்த வரிசை மாறினால், போட்ட பணமும் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீர்தான். இனி வாடிக்கையே வராத தொழில் என்று தெரிந்தால், வீட்டை அடகு வைக்குமுன் அதை மூடிவிட்டு வேறு தொழிலுக்கு வழி சொல்வதும் உதவியே.

அரசும் சில வழிகளைத் திறந்திருக்கிறது. வங்கித் தவணை 90 நாள் தாண்டி நின்றால் அது வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பே, தொழில் தளர்கிறது என்று தெரிந்ததும், சிறு தொழில் செய்வோர் தாமாகவே வங்கியிடம் சீரமைப்புக் கேட்டு விண்ணப்பிக்க 2015ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட விதிமுறை இடமளிக்கிறது. பதிவு செய்த சிறு உற்பத்தியாளரிடம் பொருள் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் வட்டியும் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கந்து வட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இவற்றை அறியாமலே எத்தனை பேர் வெட்கத்தால் ஒளிந்து வாழ்கிறார்கள்!

இங்கே ஒன்றை மனம் திறந்து சொல்லவேண்டும். நம்மிடையே ஒரு சகோதரரின் கடை மூடப்பட்டது. செய்தி அறிந்து நாம் அரிசியும் பருப்பும் கொண்டு போனோம். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். பிறகு அவருடைய பாக்கி நோட்டைப் பார்த்தபோது நாம் தலை குனிந்தோம். அதில் இருந்த பெயர்களில் பாதிக்குமேல் ஞாயிறுதோறும் அவரோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்களின் பெயர்கள். நாம் கொண்டுபோன அரிசியைவிட, நாம் கொடுக்காமல் விட்ட பாக்கி பெரிது. அன்பு செய்ததாக எண்ணினோம், நியாயத்தையே செய்யவில்லை.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியங்களை முடிவு செய்வோம். முதலாவது, நம் ஊர்ச் சிறு கடைகளுக்குத் தரவேண்டிய பாக்கியை நாம் ஒவ்வொருவரும் யூபிலி ஆண்டு முடியுமுன் தீர்த்துவிடுவோம். இரண்டாவது, நம்மில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், வங்கியில் பணி செய்தவர்களும், தேர்ந்த வியாபாரிகளும் உள்ளனர். மாதம் ஒரு ஞாயிறு பூசைக்குப் பின் பங்கு மண்டபத்தில் அமர்ந்து, வருவோரின் கணக்கைப் பார்த்து ஆலோசனை கூறுவோம். அங்கு கேட்டதை வெளியில் பேசாதிருப்போம். மூன்றாவது, வசதி உள்ளவர்கள் தத்தம் சொந்தப் பணத்தில் ஒரு தொழிலுக்காவது, முறையாக எழுதிக்கொண்டு பங்காளியாகத் தோள் கொடுப்போம். ஊராரிடம் வைப்புத்தொகை திரட்டும் வேலை மட்டும் வேண்டாம். முறையான அனுமதியின்றி அப்படித் திரட்டுவதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சேமிக்க விரும்புவோருக்குப் பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன.

ஆலயத்துக்கு வண்ணம் பூசியிருக்கிறோம், மகிழ்ச்சி. அதோடு, பூட்டிய கடை ஒன்றாவது நம் முயற்சியால் மறுபடி திறக்கட்டும். அந்தக் கதவு திறக்கும் ஓசையே நம் பங்கின் யூபிலி எக்காளமாகட்டும்.

இறைவன் நம் உழைப்பையும் நம் ஊரையும் ஆசீர்வதிப்பாராக.