எப்போதிலிருந்து?

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் நம் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி விழா என்றால் கொடியேற்றம், தேர், பாடற்பலி, விருந்து எல்லாம் உண்டு. இவற்றுக்கு நடுவே பிள்ளைகளின் மனநோயையும் முரட்டுத்தனத்தையும் பற்றிப் பேச வேண்டுமா என்று விழாக் குழுவினர் சிலர் நம்மிடம் தயங்கிக் கேட்டார்கள். பேசத்தான் வேண்டும். விழா நாளில் ஊரே கோயிலுக்கு வருகிறது. ஆனால் எந்தப் பங்கிலும் சில வீடுகளிலிருந்து ஒருவர் மட்டும் வருவதில்லை. "எங்கே மகன்?" என்று கேட்டால், "வெளியூர் போயிருக்கிறான் சாமி" என்று தாய் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறாள். அவன் வெளியூர் போகவில்லை. உள்ளறையில் இருக்கிறான். இந்தக் கூட்டம் அந்தத் தாய்க்காகத்தான்.

முதலில் நம் குறையையே சொல்லித் தொடங்குவோம். நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு கடற்கரைப் பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். அங்கே பதினேழு வயதுப் பையன் ஒருவன். நன்றாகப் படித்தவன், பூசைக்கு உதவி செய்தவன். ஓராண்டுக்குள் ஆளே மாறிப்போனான். குளிப்பதில்லை, இரவில் உறங்குவதில்லை, யாரோ தன்னைப் பழித்துப் பேசுவதாகச் சுவரோடு சண்டையிட்டான். ஒருநாள் சோற்றில் விஷம் வைத்துவிட்டாள் என்று சொல்லிப் பெற்ற தாயையே அடித்துவிட்டான். உறவினர்கள் அவனைத் தென்னை மரத்தில் கட்டிப்போட்டு நம்மை அழைத்தார்கள். நாம் சென்று தீர்த்தம் தெளித்துச் செபித்தோம். பிறகு, நாற்பது நாள் ஒரு திருத்தலத்தில் தங்க வையுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். செபித்ததில் தவறில்லை. செபத்தோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு. நாற்பது நாள் எட்டு மாதமாயிற்று. எட்டு மாதமும் அவன் காலில் சங்கிலி.

கடைசியில், நோயாளிகளைப் பராமரிக்கும் கன்னியர் ஒருவர் அவனைப் பார்த்தார். அவர் தாயிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எப்போதிலிருந்து இப்படி?" அதுவரை அந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. யார் வைத்தது, எந்தப் பேய், யார் கண் பட்டது என்றுதான் கேட்டோம். அன்றே அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். மருந்து தொடங்கிய சில வாரங்களில் உறக்கம் வந்தது, குரல்கள் அடங்கின. படிப்பு விட்டுப்போனது போனதுதான். ஆனால் இன்றும் மருந்து சாப்பிட்டுக்கொண்டு வலை தைத்துப் பிழைக்கிறான். அந்த எட்டு மாதத்தை அவனுக்குத் திருப்பித் தர நம்மால் இயலாது.

மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் பாருங்கள். தீயிலும் நீரிலும் விழுந்து துன்புறும் மகனை ஒரு தகப்பன் ஆண்டவரிடம் கொண்டுவருகிறான். குணமாக்குவதற்கு முன், இது எவ்வளவு காலமாக இவனுக்கு இருக்கிறது என்று ஆண்டவர் தகப்பனை விசாரிக்கிறார். ஆண்டவரே கேட்ட கேள்வியை நாம் கேட்க மறந்தோம்.

நாம் கேட்காததால் விளைவது என்ன என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் ஊர் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே தொண்டி, தேவிபட்டினம், இராமநாதபுரம் தாண்டினால் ஏர்வாடி. 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலை, அங்கே தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைப் பகைவர்கள் அங்கே கொண்டுபோய் விடவில்லை. பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தான் விட்டார்கள். இதை வேறு சமயத்தார் விஷயம் என்று யாரும் எண்ணலாகாது. எல்லாச் சமயத்தாரும் அங்கே போனார்கள். நம்முடைய திருத்தலங்களிலும் இதே சங்கிலியை நாம் கண்டிருக்கிறோம். அந்தத் தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று விதித்துவிட்டது. ஏர்வாடியில் மருந்தும் மன்றாட்டும் சேர்ந்தே நடக்கும் ஏற்பாடு பின்னர் உண்டாயிற்று. அதுவே நல்வழி.

நம் திருச்சபையின் நிலையும் அதுவே. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1172-ஆம் விதிப்படி, ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நடத்த முடியாது. முதலில் அது நோயல்ல என்று உறுதி செய்யவேண்டும் என மறைக்கல்வி ஏடு கூறுகிறது. ஆகவே மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் திருச்சபையின் பெயரால் பேசவில்லை.

இது ஒரு பக்கம். மறுபக்கமும் உண்டு. நோயைப் பேய் என்பது ஒரு பிழையென்றால், கொடுஞ்செயலையெல்லாம் நோய் என்பது இன்னொரு பிழை.

2012 பிப்ரவரி 9 அன்று சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். அவனுக்கு வயது 15. 2023 ஆகஸ்டு 9 அன்று நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் ஒருவனை அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். "பையன்களுக்குப் பைத்தியமா பிடித்தது?" என்று அன்று பலர் கேட்டார்கள். நாங்குநேரியில் அந்த அரிவாளுக்குப் பின்னால் இருந்தது சாதி. சாதி மனநோய் அன்று; அது கற்றுக்கொடுக்கப்பட்டது, அதுவும் பெரும்பாலும் வீட்டில். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கையில், மாணவர் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது என்று பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்ப்பது பள்ளியின் வேலை. அதைக் கட்டும் எண்ணத்தை அவிழ்ப்பது நம் வேலை.

மருத்துவர்கள் தெளிவாகச் சொல்வது இது: மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, பிறரால் அடிபடுகிறவர்களே அவர்களில் அதிகம். சிகிச்சை பெறாத கடும் மனநோயோடு குடியோ கஞ்சாவோ சேரும்போது ஆபத்து கூடுகிறது. மற்றபடி, பிள்ளையின் முரட்டுத்தனத்துக்கு வேர் பல. வீட்டில் தகப்பன் குடித்துவிட்டுத் தாயை அடிப்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, அடிதான் பேச்சு என்று கற்கிறது. அவமானம், பாலியல் கொடுமை, போதை, கெட்ட கூட்டு இவையும் காரணமாகும். மேலும், ஆத்திரத்தை அடக்கி யோசிக்கவைக்கும் மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதளவில்தான் முழு வளர்ச்சி அடைகிறதாம். உடலால் ஆளாகிவிட்ட பிள்ளை, அடக்கத்தால் இன்னும் ஆளாகவில்லை.

இது அபூர்வமான காரியமும் அன்று. பத்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதாவதொரு மனநலக் குறையோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2015-16-இல் நம் நாட்டில் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு இக்குறை இருப்பதாகக் கண்டது.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் மாற்றத்தைக் கவனியுங்கள். எப்போதுமே துடுக்கானவன் துடுக்காயிருப்பது வேறு. அமைதியானவன் திடீரென எரிந்து விழுவது வேறு. உறக்கமின்மை, குளிக்காமை, தனிமை, படிப்பில் சட்டென்ற சரிவு, இல்லாத குரல் கேட்பது, காரணமற்ற சந்தேகம், கையைக் கீறிக்கொள்வது, செத்தால் நல்லது என்ற பேச்சு இவையெல்லாம் அடையாளங்கள். மனச்சோர்வு ஆண்பிள்ளைகளிடம் பலமுறை அழுகையாக வராமல் கோபமாகவே வரும். "சாக நினைக்கிறாயா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று அஞ்சாதீர்கள். கேட்பதால் எண்ணம் பிறப்பதில்லை, மனச்சுமை இறங்கும்.

வெறி கொண்டிருக்கும் வேளையில் என்ன செய்வது? அரிவாள், மீன் வெட்டும் கத்தி, மண்ணெண்ணெய் இவற்றை அப்புறப்படுத்துங்கள். சிறு பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். ஊரைக் கூட்டாதீர்கள். ஒருவர் மட்டும், தாழ்ந்த குரலில், வாசலை மறிக்காமல் நின்று பேசுங்கள். அவன் கேட்கும் குரலைப் பொய்யென்று வாதாட வேண்டாம். உயிருக்கு ஆபத்தென்றால் 108-ஐ அழையுங்கள். மற்ற வேளைகளில், 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம், கட்டணமில்லை. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். தொடங்கிய மருந்தை, குணமாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நின்ற நோய் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

தவறு செய்த பிள்ளையைக் கண்டிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அடிபட்டவனுக்கு நியாயம் கிடைத்தே ஆகவேண்டும்; செய்ததை அவன் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். ஆனால் கண்டிப்பது வேறு, கைகழுவுவது வேறு.

பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு வீடு உங்கள் தெருவில் இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். அந்தப் பெண்ணிடம் கூட்டிச் சம்பந்தம் பேசுவதில்லை, அந்த வீட்டுப் படகில் ஏறுவதில்லை என்ற பேச்சு இனி வேண்டாம். மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் இல்லையென்றால் நம்மிடம் வாருங்கள், நாம் வருகிறோம். வீட்டிலே ஒரு பிள்ளை கட்டப்பட்டிருந்தால், வெட்கப்படாமல் நம்மிடம் சொல்லுங்கள். உங்களைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை. எட்டு மாதம் ஒரு பிள்ளையைக் கட்டிவைக்க நாமும் காரணமாயிருந்தவர்களே.

இந்த யூபிலி ஆண்டு முடிவதற்குள், வராத அந்தப் பிள்ளைகளும் தம் தாயோடு கோயிலில் வந்து உட்கார வேண்டும். அதற்காகச் செபிப்போம், செபித்துவிட்டு எழுந்து போய், "எப்போதிலிருந்து?" என்று கேட்போம்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.