முதல் இயந்திரம்

மன்னார்த் தீவு இரு கடல்களுக்கிடையே நீண்டு கிடக்கும் மணல்மேடு. வடக்கே பாக்குக்குடா, தெற்கே மன்னார் வளைகுடா. சோளகம் வீசும் மாதங்களில் தென்கரை கொந்தளிக்கும். வாடை பெயர்ந்தால் வடகரை முரண்டு பிடிக்கும். காற்றின் போக்கறிந்து ஒரு கரையை விட்டு மறுகரையில் வாடி அமைப்பது இத்தீவின் கடலோடிகளுக்குப் பழைய வழக்கம். பாயும் துடுப்பும் தாங்குகோலும் போதுமென்றிருந்த காலம் மறைந்துவிட்டது. இன்று தொழிலுக்குப் புதிதாக இறங்கும் இளைஞனின் முதற் கவலை, வள்ளத்தின் பின்புறத்திற் பூட்டுவதற்கு எந்த இயந்திரத்தை வாங்குவது என்பதேயாகும்.

இது சிறிய கவலையன்று. பேசாலையிலோ வங்காலையிலோ விடத்தல்தீவிலோ ஓர் இளைஞன் முதன்முதலாக இயந்திரம் வாங்கும்பொழுது, அவன் கையிலுள்ள பணம் பெரும்பாலும் அவனுடையது மட்டுமாக இராது. மனைவியின் காப்பு அடகுக் கடையிற் கிடக்கும். கூட்டுறவுச் சங்கத்தின் கடன் ஒரு பங்காக இருக்கும். சம்மாட்டியிடம் பெற்ற முன்பணமும் சேர்ந்திருக்கலாம். அவ்வாறாயின், பிடிக்கப்போகும் மீனுக்கு விலை சொல்லும் உரிமையையும் அவன் ஓரளவு முன்னரே விற்றவனாகிறான். பிழையான இயந்திரத்தை வாங்கியவனுக்கு அதைத் திருத்திக்கொள்ள மறுவாய்ப்பு எளிதிற் கிடைப்பதில்லை.

வள்ளத்தின் வெளியே மாட்டிக் கழற்றக்கூடிய இத்தகைய இயந்திரத்தைப் பெருவாரியாக உலகிற் பரப்பியவர், நோர்வே நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்றூட் என்பவர். அவர் 1909ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரம் ஒன்றரைக் குதிரைவலு உடையது. யப்பானிய யமஹா நிறுவனம் தனது முதல் வெளியிணைப்பு இயந்திரத்தை 1960இல் வெளியிட்டது. இலங்கையில் 1950களின் பிற்பகுதியில், டீசல் இயந்திரத்தை உள்ளே பொருத்திய மூன்றரைத் தொன் படகுகள் வந்தன. பின்னர் கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் கரைகள்தோறும் பரவின. 1980களிலிருந்து 2009 வரையான போர்க்காலத்தில் இப்பகுதிக் கடலிற் செல்லும் நேரத்துக்கும் தூரத்துக்கும் இயந்திர வலுவுக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன, ஊர்கள் இடம்பெயர்ந்தன, உடைமைகள் அழிந்தன. தந்தையிடமிருந்து மகனுக்கு இயல்பாக வரவேண்டிய இயந்திர அறிவு பல குடும்பங்களில் இடையிலே அறுந்துபோனமைக்கு இதுவே காரணம். ஆகவே அவ்வறிவைச் சொல்லில் வைத்தல் பயனுடையதாகும்.

இயந்திரம் வாங்கப் புறப்படுபவன் முதலிற் பார்க்கவேண்டியது கடையை அன்று. தன் வள்ளத்தின் அடிப்பாகத்தையே ஆகும். நீரைப் பிளந்து செல்லும் வள்ளம் ஒருவகை. வேகம் கூடியதும் நீரின்மேல் எழுந்து வழுக்கிச் செல்லும் படகு வேறுவகை. ஒடுங்கி நீண்ட பழைய மரவள்ளம் முதல் வகையைச் சேர்ந்தது. அதன் வேகத்துக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. நீரைத் தொடும் நீளம் பதினாறு அடியாயின், மணிக்கு ஏறத்தாழ ஐந்தரைக் கடல்மைலுக்கு மேல் அது இலகுவில் ஓடாது. இருபத்தைந்து அடியாயின் ஆறே முக்கால் கடல்மைல் எனலாம். அதற்குமேல் எத்துணை வலுவைக் கொடுத்தாலும், வள்ளம் தான் எழுப்பிய அலையைத் தானே ஏற முயன்று எரிபொருளை வீணாக்கும். இவ்வகை வள்ளத்துக்கு எட்டுக் குதிரைவலுவே பெரும்பாலும் போதியது. அதில் இருபத்தைந்தைப் பூட்டுவது விரலுக்கு மிஞ்சிய வீக்கம்.

அகன்ற பின்புறமும் தட்டையான அடியும் கொண்ட கண்ணாடியிழைப் படகின் கதை வேறு. இதற்குச் சிறிய இயந்திரமே சிக்கனம் என்று எண்ணுவோர் பலர். அந்த எண்ணம் எப்பொழுதும் சரியாகாது. வலையும் பனிக்கட்டியும் மூவர் உடற்பாரமும் ஏற்றிய படகை நீரின்மேல் எழுப்ப வலுப் போதாதாயின், அதன் முகப்பு வானைப் பார்க்கும். பின்புறம் நீரை இழுக்கும். இயந்திரம் முழுமூச்சாய் உழைத்தும் தூரம் கழியாது. அதே படகில் போதிய வலுவுள்ள இயந்திரத்தைப் பூட்டி, விசையை முக்கால் அளவில் வைத்து ஓட்டினால், கடல்மைல் ஒன்றுக்குச் செலவாகும் எண்ணெய் குறையக்கூடும். பதினெட்டு அடி அளவான படகுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து குதிரைவலு வரை பொருந்தும். கரைக்கண்மையில் நண்டுவலை, மீன்வலை விடுபவன் பதினைந்தோடு நின்றுவிடலாம். வளைகுடாவின் ஆழ்நீரை நாடுபவன் அதற்கு மேலே சிந்திக்கலாம். படகு செய்தவர்கள் இவ்வளவு வலுவுக்கு மேற்படலாகாதென்று வரையறுத்திருப்பின், அதை மீறுதல் உயிரோடு விளையாடுவதாகும்.

அடுத்தது எரிபொருட் கணக்கு. முழுவிசையில் ஓடும்பொழுது, ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு அண்ணளவாக 0.4 லீற்றர் செலவாகும் என்று கொள்ளலாம். எனவே எட்டுக்கு மூன்று லீற்றருக்குச் சற்று மேல், பதினைந்துக்கு ஆறு, இருபத்தைந்துக்குப் பத்து. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக ஏறியது. பதினைந்து குதிரைவலு இயந்திரம் இரண்டு மணிநேரம் ஓடினால் பன்னிரண்டு லீற்றர். முதல்நாள் 1,044 ரூபாவாக இருந்த செலவு, மறுநாள் 4,080 ரூபாவாயிற்று. வலையில் விழுந்த மீனோ அதே மீன்தான். இயந்திரத்தின் விலை ஒருமுறை கொடுப்பது. எண்ணெயின் விலை நாள்தோறும் கொடுப்பது. முன்னதை மட்டும் பார்த்து வாங்குபவன் பின்னதிலே இடறி விழுகிறான்.

மண்ணெண்ணெய் இயந்திரம் பெற்றோலிற் புறப்பட்டு, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாறும். நிறுத்துவதற்கு முன்னர் மீண்டும் சிறிது நேரம் பெற்றோலில் ஓட்டவேண்டும். இன்றேல் மறுநாட்காலை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோவதே மிஞ்சும். ஒரே அளவுள்ள பெற்றோல் இயந்திரத்தைவிட இதன் வலுவும் சற்றுக் குறைவு. நான்கடிப்பு இயந்திரம் எண்ணெயைக் குறைவாகக் குடிக்கும். அதற்கு உயவெண்ணெய் கலக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அது பாரமானது, விலை கூடியது, பழுதானால் நுட்பம் அறிந்த கைவினைஞன் வேண்டும். நாள்தோறும் இயந்திரத்தைத் தோளிற் சுமந்து வாடிக்குக் கொண்டுசெல்பவன் அந்தப் பாரத்தையும் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவன்.

இன்னொன்று தண்டின் நீளம். இயந்திரங்கள் பொதுவாகப் பதினைந்து அங்குலம், இருபது அங்குலம் என்னும் இரு நீளங்களில் வருகின்றன. படகின் பின்பலகை உயரத்தை அளந்து எழுதிக்கொண்டே கடைக்குப் போகவேண்டும். தண்டு குட்டையானால் அலையில் விசிறி காற்றைக் கடைந்து வீணே சுழலும். மிக நீண்டதானால், பாக்குக்குடாவின் ஆழமற்ற நீரிலும் தலைமன்னாருக்கு மேற்கேயுள்ள மணற்றிட்டுகளிலும் நிலத்திலே தட்டும். மணல் கலந்த நீர் உட்புகின், இயந்திரத்தைக் குளிரச்செய்யும் நீர்ப்பம்பியின் இறப்பர்ச் சில்லும் விரைவில் தேய்ந்துபோகும்.

கையிற் பணம் குறைந்தவனுக்குப் பழைய இயந்திரத்தை வாங்குவது இழுக்கன்று. சோதியாமல் வாங்குவதே இழுக்கு. புதுச்சாயம் பூசியிருப்பதைக் கண்டு மகிழவேண்டாம். சாயத்தின் கீழே உப்பரித்த வெடிப்பு மறைந்திருக்கலாம். கீழ்ப்பெட்டியின் திருகாணியைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கவேண்டும்: வடியும் எண்ணெய் பால்போல் வெளிறியிருப்பின், உள்ளே கடல்நீர் புகுந்துவிட்டது. பிளக்குகளைக் கழற்றி அழுத்தத்தை அளக்கவேண்டும்: இரு சிலிண்டர்களுக்கிடையே பத்து வீதத்துக்கு மேல் வேறுபாடிருப்பின் ஐயுறவேண்டும். ஓடும்பொழுது குளிர்ந்த நீர் தாரையாக வெளிவருகிறதா என்று நோக்கவேண்டும். முக்கியமாக, கரையில் வாளியில் ஓட்டிக் காட்டுவதை ஏற்றுக்கொள்ளாது, பாரமேற்றிய படகிற் பூட்டி அரைமணிநேரமாவது கடலில் ஓட்டவேண்டும். சூடேறிய பின் நிறுத்தி, மறுபடி ஓரிழுப்பிற் புறப்படுகிறதா என்பதே இறுதிச் சோதனை. தொடரிலக்கமும் உரிமைப் பத்திரமும் ஒத்திருத்தல் வேண்டும்.

எந்தப் பெயருடைய இயந்திரம் சிறந்தது என்ற கேள்விக்கு விடை விளம்பரத்தில் இல்லை. அவ்வூர்க் கரையில் இருக்கிறது. அக்கம்பக்கத்து வாடிகளில் எவ்வகை இயந்திரம் மிகுதியாக ஓடுகிறதோ, அவ்வகைக்கே உதிரிப்பாகம் மன்னார்ப் பட்டினத்திற் கிடைக்கும். பழுது பார்ப்பவனும் ஊரிலே இருப்பான். அவசரத்துக்கு ஒரு பிளக்கை அயலவனிடம் இரவல் வாங்கவும் முடியும். அருமையான இயந்திரமேயாயினும், சிறு உறுப்பொன்றுக்காகக் கொழும்பை நோக்கிப் பத்து நாட் காத்திருந்தால், அந்தப் பத்து நாளும் அடுப்பு எரியவேண்டுமே! வாங்கிய பின்னர், நாள்தோறும் நன்னீரால் உட்குழாய்களைக் கழுவுவதும், கைநூல் கூறும் அளவில் உயவெண்ணெய் கலப்பதும், உப்பரிப்பைத் தான் ஏற்று இயந்திரத்தைக் காக்கும் நாகத் துண்டைத் தேயுமுன் மாற்றுவதும் காசு அதிகம் கேளாத காவல்கள்.

கடைசியாக ஒன்று. உள்ள பணம் முழுவதையும் இயந்திரத்திற் போட்டுவிடுதல் தகாது. மடிவலை இழுத்து மீன்பிடித்தல் இலங்கையில் 2017ஆம் ஆண்டின் சட்டத்தாற் தடுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் எல்லை கடந்து வரும் இந்திய இழுவைப் படகுகள், இரவில் விரித்த வலைகளை வாரிக்கொண்டு போகும் துன்பம் இக்கரையினருக்கு நன்கு தெரிந்ததே. வலை போனால் இயந்திரம் எதை நோக்கி ஓடும்? ஆதலால் ஒரு பங்கு வலைக்கென்றும், ஒரு பங்கு பழுதுக்கென்றும் ஒதுக்கியதன் பின்னர் மிஞ்சுவதே இயந்திரத்துக்குரிய பணம். உயிர்காப்பு அங்கிக்கும் அதில் இடமிருக்கவேண்டும். பாக்குக்குடாவில் 1974இலும் மன்னார் வளைகுடாவில் 1976இலும் இரு நாடுகளும் வகுத்த எல்லைக்கோடு, நீரிற் கண்ணுக்குப் புலப்படுவதன்று. நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டால் நீரோட்டம் எல்லை கேட்டு இழுத்துச் செல்வதில்லை. அக்கரைச் சிறை வாயிலிலும் கொண்டுபோய் விடக்கூடும்.

அதனாற்றான் முதியவர்கள், எத்தனை வலுவுள்ள இயந்திரம் பூட்டினாலும் துடுப்பைக் கரையில் விட்டுச் செல்லாதே என்கின்றனர். தன் வள்ளத்தை அளந்து, தன் கடலை அறிந்து, தன் கடனை எண்ணி வாங்குபவனின் இயந்திரம், அயலவனுடையதிலும் சிறிதாயிருக்கலாம். அவனைவிடச் சற்றுப் பிந்தியும் அது கரை சேரலாம். ஆயினும் மாத முடிவில் கூட்டுறவுச் சங்கத்தின் படியேறி, அடகு வைத்த காப்பை மீட்டு மனைவியின் கையிற் போடுபவன் அவனாகவே இருப்பான்.