வேலை முடிந்தபின் விரித்த புத்தகம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிள்ளைகள் பெற்ற மதிப்பெண்களை இம்மேடையில் ஆண்டுதோறும் பாராட்டுகிறோம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அப்பிள்ளைகளின் தந்தையர், வேலைக்கு வந்தபின் படித்த படிப்பைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். இன்று அதைச் சிறிது பேச விழைகிறோம்.

நம் ஜாம்ஷெட்பூரில் 1912-இல் எஃகு உற்பத்தி தொடங்கியது. எட்டு மணி நேர வேலைமுறை இங்கு வந்ததும் அவ்வாண்டிலேயே. அதனால் உடலுக்கு ஓய்வு கிடைத்தது என்பதை அறிவோம். புத்தகத்துக்கும் பொழுது கிடைத்தது என்பதை மறந்துவிடுகிறோம். 1921-இல் ஆலையே தொழில்நுட்பப் பயிற்சிக் கழகம் ஒன்றையும் இங்கு நிறுவியது. கை பழகிய தொழிலுக்குக் காரணம் அறியும் வாய்ப்பு அதனால் பிறந்தது.

நிற்க. இவ்வூருக்கு வருமுன் வேறோர் ஊரின் தொழிற்சாலையில் நாங்கள் நால்வர் ஏ.எம்.ஐ.இ. தேர்வுக்குப் படித்தோம். 1920-இல் தோன்றிய இந்தியப் பொறியாளர் நிறுவனம் நடத்தும் தேர்வு அது. கல்லூரி வாயிலை மிதிக்க இயலாதவனும், வேலையை விடாமல், பொறியாளனாவதற்கு அது வழி காட்டியது. குவார்ட்டர்ஸின் முன்னறையில் வரைபலகையை வைத்தால் பாய் விரிக்க இடமிராது. வீட்டிலுள்ளோர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அடுக்களையில் உறங்கினார்கள். அந்தப் பட்டத்தில் பாதி அவர்களுடையது.

எங்கள் ஃபோர்மன் கண்டிப்பானவர். நல்ல சொல் அவர் வாயிலிருந்து எளிதில் வராது. ஆயினும் தேர்வு வாரத்தில் எங்களுக்கு இரவு ஷிப்டு விழாமல் பார்த்துக்கொண்டார். அவர் விடுப்பில் சென்ற ஆண்டில், எங்களுள் ஒருவர் இரவெல்லாம் உலையருகே நின்றுவிட்டு, காலையில் நேரே தேர்வுக்குப் போய், விடைத்தாளின் மீதே உறங்கிவிட்டார். அவர் பிறகு எழுதவே இல்லை. தேறிய மூவரும் சான்றிதழுடன் அலுவலகம் சென்றோம். "இடமில்லை" என்றார்கள். ஆறாண்டுகள் அதே சொல்லைக் கேட்டோம். எங்களைப் பார்த்துப் படிக்கத் தொடங்கியிருந்த இளைஞர்கள் புத்தகங்களை விற்றுவிட்டார்கள்.

1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் புதிதாக வருபவனின் பயிற்சிக்கு வழி செய்தது. இருபதாண்டு உழைத்தவனுக்கு யார் வழி செய்வது? ஏ.எம்.ஐ.இ.யைப் பட்டத்துக்கு இணையாகக் கொள்ளும் பழைய அரசு ஏற்பாடும் 2013 மே மாதத்துக்குப் பின் பதிவு செய்தோருக்குப் பொருந்தாது. இன்று கணினித் திரையில் பாடங்கள் ஏராளம். பாடத்தை அனுப்பிவிட்டு, அதைப் படிக்க ஒரு மணி நேரமும் ஒதுக்காத மேலாளரைக் கற்பிப்பவர் என்று எப்படிச் சொல்வது?

இவ்வவையில் அதிகாரிகளாக உள்ளவர் பலர். உங்களிடம் படிக்க அனுமதி கேட்டு ஒருவர் வருவார். நன்கொடை கேட்பவரைப்போலக் கூசி நிற்பார். அவருக்குத் தேர்வு நாளில் ஷிப்டை மாற்றிக் கொடுங்கள். தேறினால் பணிப்பதிவேட்டில் அன்றே எழுதுங்கள். அடுத்த பதவி காலியாகும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

நம் சங்க நூலகம் மாலையில் மட்டுமே திறக்கப்படுகிறது. இரவு ஷிப்டு முடித்து வருவோர்க்காகக் காலையிலும் இரண்டு மணி நேரம் திறக்குமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். சாவியை வைத்துக்கொள்ளும் பொறுப்பை நாங்களே ஏற்கிறோம்.