கரையான் தின்ற பெட்டியும் கையளவு நூலகமும்



மின்னூற் கருவியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். புத்தகப் பித்தர் என்று பெயரெடுத்த நம்மிடம் இத்தலைப்பைத் தந்ததில் சற்றுக் குறும்பும் உண்டு போலும்.

நம் சிறு வயதில் ஒரு படிப்பகத்தில் வாசற்படியிலேயே நிறுத்திப் புத்தகத்தை நீட்டினர். உள்ளே சென்று அலமாரியைப் பார்க்க வழியில்லை. கொடுத்ததைப் படிக்க வேண்டும். அதனாலேயே ஆசிரியப் பணியேற்ற முதல் மாதச் சம்பளத்திலேயே நூல் வாங்கத் தொடங்கினோம். ஆண்டுக்கணக்கில் மரப்பெட்டியில் சேர்த்தோம். ஓர் ஐப்பசி அடைமழையில் சுவர் ஈரம் கோத்தது. பின்பு கரையான் ஏறிற்று. செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்வை உரைத்த பூமணியின் 'பிறகு' உட்படப் பாதிப் பெட்டி மண்ணாயிற்று.

அண்ணல் அம்பேத்கருக்கும் இத்தகைய இழப்பு நேர்ந்ததுண்டு. 1917இல் அவர் இலண்டனிலிருந்து திரும்பியபோது வேறொரு கப்பலில் அனுப்பிய நூல்கள், உலகப்போரில் அக்கப்பல் தாக்குண்டு மூழ்கியதால் கடலோடு போயின.

நிற்க. ஈராண்டுகளுக்கு முன் பழைய மாணவி ஒருவர் இக்கருவியைப் பரிசளித்தார். வேண்டா வெறுப்பாகவே வாங்கினோம். ஆனால் வெள்ளெழுத்துக் கண்ட நம் கண்ணுக்கு அது எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது மனம் இளகிற்று. அதன் திரை கைப்பேசித் திரை போன்றதன்று. நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பும் வெளுப்புமான துகள்கள் மின்விசையால் இடம்பெயர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போதுதான் அத்திரைக்கு மின்சாரம் வேண்டும். சித்திரை வெயிலிலும் எழுத்து மங்குவதில்லை.

நூல்களுக்கு எங்கே போவது? சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரமும் அன்பர்களும் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. மகாராஷ்டிர அரசு 1979 முதல் வெளியிட்ட அண்ணலின் ஆங்கிலத் தொகுதிகளும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. எந்தத் தெரு என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. 2009இல் அமேசான் நிறுவனம், தான் விற்ற ஆர்வெல்லின் '1984' நூலை, உரிமைச் சிக்கல் காரணமாக, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திரும்பிற்று, நூல் போயிற்று. ஆகவே அண்ணலின் எழுத்துகளைக் காகிதத்திலும் வைத்திருக்கிறோம்.

தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டுக்கு இக்கருவியின் விலை எளிதன்று. கைப்பேசியிலும் இந்நூல்கள் திறக்கும். ஆனால் நொடிக்கொரு செய்தி வந்து கூப்பிடுமே! சங்கம் இரண்டு கருவிகளேனும் வாங்கிப் பொதுவில் வைக்க வேண்டுகிறோம். அதுவரை நம்முடையதை ஞாயிறுதோறும் மாலையில் சங்கத்துப் படிப்பகத்தில் வைப்போம். அருகே 'பிறகு' நாவலும் இருக்கும். அதை மட்டும் மீண்டும் காகிதத்திலேயே வாங்கிவிட்டோம்.