கால்கள் தளர்ந்தால் காலந்தாழ்த்தலாகாது



பக்கவாதத்தை நாம் அறிவோம். அதில் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கமே திடீரெனச் செயலிழக்கும், வாய் கோணும். ஆனால், இரு கால்களும் ஒருசேரத் தளர்ந்து, அத்தளர்ச்சி மேல்நோக்கி ஏறும் நோயொன்றும் உண்டு. அதுவே ‘கில்லன் பாரே’ நோய். 1916ஆம் ஆண்டில் இதனை விளக்கியெழுதிய பிரெஞ்சு மருத்துவர் மூவருள் இருவரின் பெயர் இதற்கு நிலைத்தது.

இது தெய்வக் குற்றமன்று, செய்வினையன்று, ஒட்டுவாரொட்டியும் அன்று. வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ நீங்கிய சில நாள்களில் அல்லது வாரங்களில் இது பெரும்பாலும் தோன்றும். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தடுமாறித் தன் நரம்புகளையே தாக்குவதால் இது விளைகிறது.

முதலில் பாதங்களில் மதமதப்பு உண்டாகும். நேற்றுவரை பால்வாளி சுமந்து மேடேறியவர், இன்று லயத்துப் படியேறவும் தடுமாறுவார். பின்னர்க் கைகளும் முகமும் தளரலாம். மூச்சுத் தசைகள் தளருமாயின் உயிருக்கே ஆபத்து. ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிறது.

மருத்துவமனையில் முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பர். நரம்புகளை மின்கருவியால் சோதிப்பர். முதுகில் ஊசியிட்டு நீர் எடுப்பர். அவ்வூசி நம்மை முடமாக்கிவிடும் என்று அஞ்ச வேண்டா. தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் அது செலுத்தப்படுகிறது.

இதற்குச் சிகிச்சை இரு வகை. நோய் எதிர்ப்புப் புரதத்தை வழக்கமாக 5 நாள் நரம்புவழி ஏற்றுவது ஒன்று. இரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்து மாற்றுவது மற்றொன்று. தளர்ச்சி தொடங்கிய 2 வாரங்களுக்குள் இவற்றைத் தொடங்குவது நலம். உடற்பயிற்சியும் தொடர வேண்டும். 6 மாதங்களில் பெரும்பாலோர் துணையின்றி நடக்கின்றனர். சிலருக்குத் தளர்ச்சி எஞ்சுவதும் உண்டு.

பெரட்டுக்குச் செல்லாவிடில் கூலி போய்விடுமே என்று நோயை மறைத்தலாகாது. எண்ணெய் தேய்த்து நாள் கடத்துதலும் ஆகாது. தளர்ச்சி ஒரு பக்கமாயினும் இரு பக்கமாயினும் உடனே மருத்துவமனை செல்வோம். மூச்சுத் திணறலோ விழுங்குவதில் இடர்ப்பாடோ காணின், வாயில் எதுவும் புகட்டாது 999 எண்ணை அழைப்போம். இழந்த கூலியை மீண்டும் ஈட்டலாம். நின்ற மூச்சை மீட்பது அரிது.