உப்பளத்தில் ஒரு பிரெஞ்சு அளவு

லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகளைக் கரைத்து வைத்திருக்கும் கடல்நீர், தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தி பாத்தியாக வெயிலில் சுண்டிக்கொண்டு வருகையில், அதன் பக்குவத்தை நாவினாலன்றி, மிதக்கும் ஒரு கண்ணாடிக் குழாயினால் நிர்ணயிக்கிறார்களே, அந்த அளவுமுறையை 1768-இல் வகுத்தவர் அந்துவான் போமே என்னும் பிரெஞ்சு மருந்தாளர். சுத்த ஜலத்துக்கு 0, நூற்றுக்கு 15 பங்கு உப்புள்ள கரைசலுக்கு 15 என்பது அவர் செய்த ஏற்பாடு. மருந்துக்கடைக்காரருக்கே உரிய சிக்கனமான யுக்தி! சுமார் 25 டிகிரியில், அதாவது ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.21 கிலோகிராம் கனக்கும் நிலையில், சமையல் உப்பு பளிங்காகப் படியத் தொடங்கும். ஜிப்சம் பெரும்பாலும் அதற்கு முன்பே படிந்துவிட்டிருக்கும். ஆசை மிகுந்து, 30 டிகிரியைக் கடந்தும் நீரை வடிக்காமல் விட்டாலோ, மக்னீசிய உப்புகளும் உடன் சேர்ந்து, விளைந்த உப்பைக் கசக்கச் செய்துவிடும்.